வாய்க்கு நேர்ந்த விரதம்

இந்தப் பங்குனி பிறந்ததும் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். பல் வைத்துக்கொள்வது. அதுவும் என் சம்சாரத்துக்குத் தெரியாமல் வைத்துக்கொள்வது.

பல் வைப்பதில் பெரிய வீரம் ஒன்றும் இல்லை. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு பல் டாக்டர் போர்டு கண்ணில் படும். ஆனால் தங்கலட்சுமிக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்வது இருக்கிறதே, அதற்குத் தனி நெஞ்சு வேண்டும். எங்கள் வீட்டில் பல்லி கத்துவதாக இருந்தால்கூட அவளிடம் கேட்டுக்கொண்டுதான் கத்தும்.

என் பெயர் சோலைச்சாமி. அருப்புக்கோட்டைக்கும் நரிக்குடிக்கும் ஓடிய பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவன். திருச்சுழி தாண்டி இறங்கினால் எங்கள் ஊர். சந்தை நாளில் ஆடு, கோழி, மல்லி மூட்டை, அதற்கு மேல் ஆள் என்று அடைத்துக்கொண்டு வரும் பஸ்ஸில், டிக்கெட் எடுக்காதவனை மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடித்தவன் நான். ஊரார் மறைத்ததையெல்லாம் கண்டுபிடித்தவனுக்குத் தன் வாய்க்குள் இருப்பதை மறைக்கத் தெரியாதா என்று ஒரு மிதப்பு. அந்த மிதப்புதான் என்னைக் கவிழ்த்தது.

பல் போனது மல்லாங்கிணற்றில். சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. இலையில் அருமையான நல்லி எலும்பு. கடித்தேன். 'கடக்' என்று ஒரு சத்தம். எலும்பு உடைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். எடுத்துப் பார்த்தால் எலும்பு முழுசாக இருந்தது. உடைந்தது நான்தான். கீழ்வரிசையில், வலது பக்கம், ரெண்டு கடைவாய்ப் பல். ஆடிப்போன வேரையும் பிடுங்கிப் போட்ட பிறகு அந்தப் பக்கம் வெறும் பொட்டல்.

அதிலிருந்து கறி எனக்கு எட்டாக்கனி ஆகிவிட்டது. சுக்காவை இடது பக்கமாகவே ஒதுக்கி ஒதுக்கி மென்றால் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். பந்தியில் எல்லாரும் கை கழுவிவிட்டு வந்து வெற்றிலை போடும்போது நான் மட்டும் முதல் துண்டை மென்றுகொண்டிருப்பேன். ஆடியில் எங்கள் குலசாமிக்குக் கிடா வெட்டு. அதற்குள் வலது பக்கம் நிரம்பியாக வேண்டும், குருத்தெலும்பை நறுக்கென்று கடித்தாக வேண்டும். அதுதான் என் லட்சியம்.

இதை வீட்டில் சொல்லிவிட்டே செய்யலாமே என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுச் சட்டம் உங்களுக்குத் தெரியாது. எனக்கு ஒன்று என்றால் அவளுக்கும் ஒன்று. எனக்கு ஒரு செல்போன் வாங்கினால் அவளுக்கும் ஒரு செல்போன். எனக்குக் கண்ணாடி போட்டால் அவளுக்கும் கண்ணாடி. ஒரு தடவை என்னை நாய் கடித்து நரிக்குடியில் ஊசி போடப் போனபோது, "எனக்கும் ஒண்ணு போட்ருங்க சிஸ்டர், நான் இவுகளோடதான குடும்பம் நடத்துறேன்" என்று சேலையை இழுத்துவிட்டுக் கையை நீட்டியவள் அவள்.

அவளுக்கும் ரெண்டு பல் இல்லை. இடது பக்கம். எப்படிப் போனது என்று யாராவது கேட்டால், "இவுகளக் கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து பல்லக் கடிச்சுக்கிட்டேதான் இருக்கேன், பெறகு எப்படி நிக்கும்?" என்பாள். அவள் வலது பக்கமும் என் இடது பக்கமும் சேர்ந்தால்தான் எங்கள் வீட்டில் ஒரு முழு வாய். நான் ரெண்டு பல் வைக்கிறேன் என்று சொன்னால் அந்தக் கணமே அது நாலு பல் ஆகிவிடும். ரிட்டையர்மெண்ட் பணம் பல்லைக் காட்டிவிடும். ஆகவே ரகசியம்.

பென்ஷன் ஆபீஸில் வேலை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். டாக்டரம்மா பெயர் தேவிபிரியா. சின்ன வயசு. என் வாய்க்குள் லைட்டடித்துப் பார்த்தார். படம் எடுத்தார்.

"எலும்பு நல்லா இருக்குய்யா. இம்பிளாண்ட் வச்சிரலாம். தாடை எலும்புக்குள்ள சின்னதா ஒரு ஸ்க்ரூ வைப்போம். எலும்பு அதக் கவ்விப் பிடிக்கணும். அதுக்கு மூணு நாலு மாசம் ஆகும். பெறகுதான் மேல பல்லு மாட்டுவோம்."

"நாலு மாசமா? எங்க ஊர்ல கம்பே அதுக்குள்ள விளைஞ்சு வீட்டுக்கு வந்துருமேம்மா!"

"அதே கணக்குதான்யா. நட்டுட்டுப் பொறுமையா இருக்கணும்."

"தண்ணி பாய்ச்சணுமா?"

"வெத்தல பாக்கப் பாய்ச்சாம இருந்தாப் போதும்."

மரப்பு ஊசி போட்டார்கள். எங்கள் கரிசல் காட்டில் போர் போடுகிற மாதிரியே சத்தம். நல்லவேளை, தண்ணீரும் அவர்களே ஊற்றிக்கொண்டார்கள். மழையையே நம்பிக் கிடக்கிற பூமியில் பிறந்த நான், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நடவைப் பார்த்தேன், அதுவும் என் வாய்க்குள்ளேயே. ரெண்டு ஸ்க்ரூ. மேலே தையல்.

"ஒரு வாரம் மெத்துன்னு சாப்பிடுங்க. ஆறின கஞ்சி, மோரு, அந்த மாதிரி. சூடு கூடாது. ரெண்டு நாளைக்கு ரொம்பப் பேசாதீங்க. ஒரு வாரங் கழிச்சுத் தையல் பிரிக்க வாங்க."

அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை யோசிக்கவே இல்லை. கன்னம் ஒரு பக்கம் உப்பியிருக்கிறது. உதடு மரத்துப் போய் எச்சில் வழிகிறது. ஒரு வாரம் கஞ்சி. இதையெல்லாம் தங்கலட்சுமியின் கண்ணில் படாமல் எங்கே கொண்டுபோய் வைப்பது?

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கன்னத்தைத் துண்டால் மூடிக்கொண்டு யோசித்தேன். ஊர் எல்லையில் தோரணம் கட்டியிருந்தார்கள். மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல். மறுநாள் காப்புக் கட்டு. என் மூளையில் பளிச்சென்று பல்பு எரிந்தது. விரதம்! ஆத்தாள் பேரைச் சொன்னால் யார் கேள்வி கேட்பார்கள்? தங்கலட்சுமியேகூடக் கேட்க முடியாது.

வீட்டு வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு, மரத்த நாக்கை இழுத்து இழுத்துப் பேசினேன்.

"தங்கம். ஆத்தாளுக்கு நேந்திருக்கேன். இந்த நிமிசத்துலருந்து மௌன விரதம். ஆறின கஞ்சியும் மோரும்தான் ஆகாரம். எதுவும் கேக்காத."

"அடி ஆத்தி! எதுக்குங்க நேந்தீக?"

நல்ல கேள்வி. கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"வாய்க்கு" என்றேன்.

"வாய்க்குன்னா?"

விரதம் ஆரம்பித்துவிட்டதால் பதில் சொல்லவில்லை. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த நிமிஷம் தடாலென்று என் காலில் விழுந்தாள். தலையைத் தரையில் வைத்தபடி வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று எனக்கே மனசு இளகிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என் காலில் விழுந்து நான் பார்த்ததே இல்லை. அடடா, பல் வைத்தால் இத்தனை மரியாதையா என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மரியாதை மறுநாள் காலை காப்பி நேரம் வரைக்கும் இருந்தது.

"ஏங்க, உங்க ஈஸி சேரு சும்மாதான கெடக்கு. எங்க அண்ணனுக்குக் குடுத்துரட்டுமா?"

நான் வேகமாகத் தலையை ஆட்டினேன். ஆட்டியதில் தாடையில் சுரீரென்றது. பாதியில் நிறுத்தினேன்.

"சரிங்கிறாக" என்றாள் பக்கத்து வீட்டுச் சந்தனம்மாளிடம். "பாத்தியா, எம்புட்டுப் பெரிய மனசு!"

"விரதம் இருக்கையில அப்படித்தான் மனசு வரும்" என்றாள் சந்தனம்மாள்.

"ஏங்க, டிவி ரிமோட்டு இனி என்கிட்டயே இருக்கட்டுமா?"

நான் கையை வீசி மறுத்தேன்.

"வச்சுக்கோங்கிறாக."

மௌனம் சம்மதம் என்று எந்தப் புண்ணியவான் சொல்லிவைத்தானோ, அவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது. ஈஸி சேர் போனது. ரிமோட் போனது. சாயங்காலம் டீக்கடைப் பக்கம் போகிற வழக்கமும் போனது. அத்தனையும் நானே கொடுத்ததாக ஊரில் பேச்சு. வாயைத் திறந்தால் பல் ரகசியம் போய்விடும். மூடினால் வீடே போய்விடும் போலிருந்தது.

இதெல்லாம் சில்லறை. பெரிய நோட்டு பின்னால் வந்தது.

"ஏக்கா, அண்ணன் எதுக்கு நேந்திருக்காக?" என்று சந்தனம்மாள் கேட்டாள்.

"வாய்க்குன்னாக."

"வாய்க்கா? அப்ப அலகுல்ல?"

தங்கலட்சுமி நெஞ்சில் கை வைத்தாள். "எனக்குத் தோணாமப் போச்சே! ஏங்க, அலகு குத்திக்கிறதாவா வேண்டிருக்கீக?"

அலகு என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கன்னத்தில் நுழைந்து அந்தக் கன்னத்தில் வெளியே வருகிற வேல். நான் ரெண்டு கையையும் ஆட்டினேன். தலையை ஆட்டினேன். காலைக்கூட ஆட்டினேன்.

"பாரு, ஆடுறாக! அலகுன்னு சொன்னதுமே அருளு வந்துருச்சு!"

சந்தனம்மாள் குலவை போட்டாள். அவள் குலவைக்கு வீரசோழன் ஊர் வரை கேட்கும் சக்தி உண்டு.

அரைமணி நேரத்தில் பூசாரி மருதுபாண்டி வந்துவிட்டார். தங்கலட்சுமிக்குப் பெரியப்பா மகன், எனக்கு மச்சான். ஈஸி சேர் போய்ச் சேர்ந்த அண்ணன் இவர்தான். வந்தவர் என் ஈஸி சேர் இருந்த இடத்தைத் திருப்தியாகப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்து மஞ்சள் கயிற்றில் காப்பைக் கட்டினார்.

"மாப்ள, இனி பொங்கல் முடியிறவரைக்கும் ஊரு எல்லையத் தாண்டக் கூடாது. தெரியும்ல?"

தையல் பிரிக்க அருப்புக்கோட்டைக்குப் போக வேண்டுமே!

அன்று சாயங்காலம் கோயில் மைக்கில் பெயர்கள் வாசித்தார்கள். முளைப்பாரி எடுப்பவர்கள், அக்கினிச்சட்டி எடுப்பவர்கள் என்று வரிசையாக வந்தது. கடைசியில் மருதுபாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டார். "நமது ஊரின் பெருமை, ஓய்வு பெற்ற நடத்துநர் சோலைச்சாமி அவர்கள், பதினோரு அடி வாய் அலகு!" பதினோரு அடி! எங்கள் பஸ்ஸின் அகலம்கூட அவ்வளவு கிடையாது. அந்த வேலோடு நான் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் ரெண்டு பக்கத்து வீட்டு ஜன்னலும் என்னோடு வரும்.

தையல் பிரிக்கிற நாள் வந்தது. மறுநாள் பொங்கல். விடிந்ததும் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, காப்புக் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு, மெல்ல பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். பஸ் வந்தது. ஏறினேன். கண்டக்டர் அழகுராஜா. நான் டியூட்டி சொல்லிக் கொடுத்து வளர்த்த பையன்.

"அண்ணே, வாங்க வாங்க! எங்கண்ணே?"

நான் கையால் அருப்புக்கோட்டைப் பக்கம் காட்டினேன். காட்டிய கை காப்புக் கை.

"ஏ! நிப்பாட்டு! நிப்பாட்டு!" என்று விசிலை ஊதினான். டிரைவர் பிரேக் போட்டதில் நின்றவர்கள் எல்லாரும் முன்னால் வந்து விழுந்தார்கள். "அண்ணே, காப்புக் கட்டிருக்கீக! மைக்குல எங்கம்மா கேட்டுட்டு வந்து சொல்லுச்சு. பதினோரு அடியாம்ல! உங்கள எல்லை தாண்டி ஏத்திட்டுப் போனா ஆத்தா என்னச் சும்மா விடுவாளா? எறங்குங்கண்ணே."

நான் கெஞ்சிப் பார்த்தேன். கையாலேயே எவ்வளவு கெஞ்ச முடியும்?

"எறங்குங்கண்ணே, ப்ளீஸ்ண்ணே. நான் புள்ளகுட்டிக்காரன்."

முப்பது வருஷம் பிறரை இறக்கிவிட்டவனை அதே ரூட்டில் இறக்கிவிட்டார்கள். பஸ்ஸுக்குள் இருந்த ஒரு கிழவி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் நெற்றியில் திருநீறு பூசினாள். பஸ் போய்விட்டது. அந்தப் புழுதியில் நின்றபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ரெண்டு பல்லுக்காக எவ்வளவு தூரம் வந்துவிட்டேன்! பதினோரு அடி வேல் வரைக்கும் வந்துவிட்டேன்.

மத்தியானம் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். வேல் வந்து இறங்கியிருந்தது. வெயிலில் பளபளவென்று தூணில் சாய்ந்து நின்றது. அதன் முனையில் தங்கலட்சுமி பயபக்தியோடு ஒரு எலுமிச்சம்பழத்தைச் செருகினாள். பழம் 'சளக்'கென்று உள்ளே போன சத்தம் என் கன்னத்தில் கேட்டது.

"வா மாப்ள" என்றார் மருதுபாண்டி. "எங்க நுழைச்சு எங்க எடுக்கணும்னு இப்பவே பாத்து வச்சுக்கிறேன். நாளைக்குக் கூட்டத்துல தடுமாறக் கூடாதுல்ல."

கட்டைவிரலை என் வலது கன்னத்தில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். சரியாகத் தையல் மேல்.

"ஆத்தாடீ!"

நான்தான் அலறினேன். ஒரு வாரமாக அடைத்துவைத்த வாய். வந்த சத்தத்தில் கோயில் புறா எல்லாம் பறந்துவிட்டது. பிறகு சந்தனம்மாள் குலவை போட்டாள். அவளைப் பார்த்து எல்லாப் பொம்பளைகளும் போட்டார்கள்.

"ஆத்தா எறங்கிட்டா! ஆத்தா எறங்கிட்டா!"

வேப்பிலையைக் கையில் திணித்தார்கள். தலையில் மஞ்சத் தண்ணியை ஊற்றினார்கள். ஒருவர் என் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஆத்தா, மழை எப்பத்தா வரும்?"

"எனக்குப் பல்லு வலிக்குதுய்யா!" என்று கத்தினேன்.

"ஆத்தாளுக்குப் பல்லு வலிக்குதாம்! ஆத்தாளுக்குப் பல்லு வலிக்குதாம்! கூட்டமா நிக்காதீக, காத்து விடுங்க!"

"மழை, ஆத்தா, மழை…"

"டாக்டரக் கேளுங்கய்யா!"

"டாக்டரக் கேக்கணுமாம்!" என்றது கூட்டம். ஒருவருக்கும் அதன் பொருள் விளங்கவில்லை. ஆனாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

தங்கலட்சுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "ஆத்தா மலையேறட்டும், நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லி என் கையைப் பிடித்து முளைப்பாரிப் பந்தலுக்குப் பின்னால் இழுத்துப்போனாள். அங்கே யாரும் இல்லை. நான் தலையில் வழிந்த மஞ்சத் தண்ணியைத் துடைத்துக்கொண்டேன்.

"தங்கம், ஒரு உண்மையச் சொல்லணும்."

"சொல்லுங்க. மௌனந்தான் முடிஞ்சு போச்சே."

"நான் பல்லு வச்சிருக்கேன்."

"தெரியும்."

"சும்மா பல்லு இல்ல தங்கம். எலும்புக்குள்ள ஸ்க்ரூ…"

"கீழ்வரிச, வலது பக்கம், ரெண்டு. இன்னைக்குத் தையல் பிரிக்கணும். அதுக்குத்தான காலையில பஸ்ஸேறப் போனீக?"

என் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. டாக்டரம்மா பார்த்திருந்தால் இன்னொரு படம் எடுத்திருப்பார்.

"உனக்கு எப்படி…"

"ஆஸ்பத்திரியில போன் நம்பரு கேட்டாகள்ல? யாரு நம்பரச் சொன்னீக?"

யோசித்தேன். கேஸ் புக் பண்ணுவதற்கு அவள் நம்பர். ரேஷனுக்கு அவள் நம்பர். பென்ஷன் மெசேஜ் வருவதும் அவள் நம்பருக்குத்தான். எவன் நம்பர் கேட்டாலும் என் வாயிலிருந்து வருவது அந்த ஒரே நம்பர்தான். என் நம்பர் இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

"நீங்க அங்க பஸ்ஸேறுறதுக்கு முன்னாடியே நர்ஸுப் பிள்ள கூப்பிட்டுருச்சு. 'அம்மா, அய்யா மாத்திரைய மறந்து வச்சுட்டுப் போயிட்டாரு, கன்னத்துக்கு ஐஸ் வைக்கச் சொல்லுங்க'ன்னுச்சு. அந்த மாத்திரையத்தான் வாங்கியாந்து தெனமும் உங்க கஞ்சியில பொடிச்சுப் போட்டேன். இல்லாட்டி கன்னம் பூசணிக்கா ஆயிருக்கும்."

"அன்னைக்கே தெரியுமா? அப்ப என் கால்ல விழுந்தியே!"

"பெறகு என்ன செய்யச் சொல்றீக? வாயில எச்சி வழிய நின்னுக்கிட்டு 'வாய்க்கு நேந்திருக்கேன்'ங்கிறீக. எனக்குச் சிரிப்பு தாங்கல. மூஞ்சிய எங்க கொண்டுபோயி வைக்கிறது? அதான் விழுந்து சிரிச்சேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் பந்தலின் இடுக்கு வழியாக அந்த வேல் தெரிந்தது. கோபத்தை விழுங்கிக்கொண்டேன். மெத்தென்று இறங்கியது.

"அதான் உனக்குத் தெரியும்ல. உங்க அண்ணன்கிட்டச் சொல்லி இந்த அலக நிப்பாட்டு தாயி."

"பல்லு எனக்கும் வேணும்."

"சரி."

"ரெண்டு."

"சரி."

"டாக்டரம்மாகிட்டப் பேசிட்டேன். பொங்கல் முடிஞ்ச மறுநாளு ரெண்டு பேரையும் வரச் சொல்லிருக்காக. உங்களுக்குப் பிரிக்க, எனக்கு நட. ரெண்டு நாளு தள்ளிப் பிரிச்சாலும் ஒண்ணும் ஆகாதாம்."

"எல்லாத்துக்கும் சரி! அலகு?"

"வாங்க."

மருதுபாண்டியிடம் அவள் ஏதோ காதில் சொன்னாள். அவர் முகம் கறுத்தது.

"பொய்யாவே இருக்கட்டும் தங்கச்சி. ஆத்தா பேரச் சொல்லிட்டாரு, காப்பும் கட்டியாச்சு. நேந்தது நேந்ததுதான். மைக்குலயும் சொல்லியாச்சு."

"அதுக்குப் பதிலா ஏதாவது…"

மருதுபாண்டி சாமியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வேலைப் பார்த்தார். "வாய்க்கு நேந்தத வாயாலதான் தீக்கணும். அலகு வேணாம்னா, அந்த வாய்க்கு ரொம்பப் பிடிச்சது எதுவோ அத விடணும். அடுத்த பங்குனிப் பொங்கல் வரைக்கும்."

எனக்கு உயிர் வந்தது. வெற்றிலையை விடச் சொல்வார்கள். டாக்டரம்மாவும் அதைத்தான் சொன்னார். ஒரே கல்லில் ரெண்டு மாங்காய்! "விட்டுர்றேன் மச்சான், சந்தோசமா விட்டுர்றேன்" என்று முந்திக்கொண்டேன். "சத்தியமா?" என்றார். கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தேன்.

மருதுபாண்டி தங்கச்சி பக்கம் திரும்பினார். "மாப்ளைக்கு என்னத்தா ரொம்பப் பிடிக்கும்?"

தங்கலட்சுமி தலையைக் குனிந்துகொண்டு, விரலால் தரையில் கோலம் போட்டுக்கொண்டே, புதுப்பொண்ணு மாதிரி வெட்கப்பட்டுச் சொன்னாள்.

"கறிண்ணே."

நான் வாயைத் திறந்தேன். மருதுபாண்டியின் கை வேல் பக்கம் போனது. மூடிக்கொண்டேன்.

மைக்கில் மறுபடியும் என் பெயர் வந்தது. ஆத்தாளே இறங்கி வந்து அலகை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். அதற்குப் பதிலாக நடத்துநர் சோலைச்சாமி ஒரு வருஷம் கறியைத் தொட மாட்டாராம். ஊரே என்னைக் கையெடுத்துக் கும்பிட்டது. அந்த நிமிஷத்திலிருந்து இந்தச் சுற்று வட்டாரத்தில் எந்த விருந்துக்குப் போனாலும் என் இலையில் கறி விழாமல் பார்த்துக்கொள்ள ஆயிரம் கண்கள் ஏற்பாடாகிவிட்டன.

தங்கலட்சுமிக்கும் நட்டார்கள். இடது பக்கம் ரெண்டு. மரப்பு ஊசி வேலை செய்த நேரம் ஒன்றுதான் அவள் பேசாமல் இருந்தது. அப்போதும் கையாலேயே என்னிடம் கஞ்சிக்கு உப்புக் குறைவு என்று சொல்லிவிட்டாள். ஒரு வாரம் கஞ்சி காய்ச்சியவன் நான். ஆற வைத்து விசிறியவனும் நான்.

ஆடி பிறந்தது. ரெண்டு பேருக்கும் ஒரே நாளில் பல் மாட்டினார்கள். டாக்டரம்மா கண்ணாடியைக் கையில் கொடுத்தார். வலது பக்கம், எத்தனையோ நாளாகப் பொட்டலாகக் கிடந்த இடத்தில், வெள்ளை வெளேரென்று ரெண்டு பல். நாக்கால் தடவிப் பார்த்தேன். என் பல்தான் என்று நாக்கே ஏமாந்துபோனது.

"கல்லு எலும்ப மட்டும் உடைக்காதீங்கய்யா. மத்தபடி கறி, குருத்தெலும்பு எல்லாம் தாராளமா மெல்லலாம்."

"சரிம்மா" என்றேன். கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தேன்.

குலசாமி கோயிலில் கிடா வெட்டு. வேலிக்கருவை நிழலில் பெரிய பெரிய சட்டியில் குழம்பு கொதித்தது. அந்த வாசம் என் புதுப் பல்லுக்குக்கூடத் தெரிந்தது. பந்தி போட்டார்கள். என் இலைக்குச் சோறு வந்தது, ரசம் வந்தது, ஒரு கரண்டி பூசணிக்காய்க் கூட்டு வந்தது. கறி வாளியைத் தூக்கி வந்தவன் என்னைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுத் தாண்டிப் போனான். பக்கத்து இலையில் தங்கலட்சுமி. எனக்கு வர வேண்டியதையும் சேர்த்து அவளுக்கே வைத்தான். அவள் குருத்தெலும்பு ஒன்றைத் தேடி எடுத்து இடது பக்கம் ஒதுக்கினாள். 'நறுக்.' கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"கிண்ணுன்னு இருக்குங்க. ஒரு ஆட்டமில்ல, ஒரு அசைவில்ல." அடுத்த துண்டை எடுத்துக்கொண்டே ஆறுதலாகச் சொன்னாள்: "உங்களுதும் இப்படித்தான் இருக்கும், கவலப்படாதீக."